பல்லிக்கல்லின் ஐந்து பற்கள்

மாடிப்படி ஏறும்போதே நாற்றம் வந்தது. கெட்டுப்போன பால், நெய்ச் சிக்கு, அழுகிய வாழைப்பழம். இந்த வரிசையில்தான் வந்தது, பால் முதலில். பிள்ளையார்பாளையத்தில் சாயத் தொட்டி வாடையோடு வளர்ந்தவள் நான். எளிதில் மூக்கைச் சுளிக்க மாட்டேன். அன்று துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டேன்.

அது அத்தை வீட்டு மாடி. பத்து நாட்களுக்கு முன்பு ஒரு கல்லை அங்கே வைத்துவிட்டு வெளியூர் போயிருந்தேன். சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் புதைபடிவங்களைக் கல்லிலிருந்து பிரித்தெடுப்பது என் வேலை. இது அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். எப்போதோ ஆழமில்லாத கடலாக இருந்த இடத்தின் அடிச்சேறு. முறத்தில் பாதி அகலம். அதில் தலையில்லாத ஒரு மீன், செதில் செதிலாக. மீனின் வயிற்றருகே, விரல் நீளத்தில் ஓர் ஊர்வனவின் கீழ்த்தாடை. தாடையில் அரிசி அளவில் ஐந்து பற்கள். அது என்ன பிராணி என்பதை அந்தப் பற்களை வைத்துத்தான் சொல்ல முடியும். மீன்கள் எங்களிடம் பெட்டி பெட்டியாக இருந்தன. தாடை இது ஒன்றுதான். ஆய்வகப் பதிவேட்டில் ஐந்து பற்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மீதி வேலையை வீட்டில் செய்வதற்காக வாங்கி வந்திருந்தேன். எங்கள் வீட்டில் தறிக்குழியின் ஓதம், கல்லுக்கு ஈரம் ஆகாது. அத்தையின் மாடி காய்ந்திருந்தது.

தவறை நான்தான் தொடங்கினேன். புளிப்பு எதுவும் கல்லின் பக்கத்தில் வரக் கூடாது என்று கிளம்புமுன் அத்தைக்குப் புரியவைப்பதற்காக, உடைந்து விழுந்த ஒரு சில்லில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டினேன். கல் நுரைத்தது. அத்தை குனிந்து பார்த்தார்.

"மூச்சு வுடுதுமா."

"சுண்ணாம்பு கரையுது அத்தை, அவ்ளோதான்."

"மீனு பக்கத்துல இது இன்னா? பல்லியா?"

"பல்லி மாதிரி ஒண்ணு."

இந்த ஊரில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இங்கே கோயிலில் இருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகுமென்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறார்கள். மீனோ பெருமாளின் அவதாரம். இரண்டும் ஒரே கல்லில், அதுவும் மூச்சு விடுகிற கல்லில்.

திரும்பி வந்தபோது கல் ஒரு மணையில் இருந்தது. அதன் மேல் மஞ்சள், குங்குமம், காய்ந்து தோலாகிப்போன பால், தயிர், பஞ்சாமிர்தக் கூழில் ஒட்டிச் செத்த எறும்புகள், யாருடையதோ நீளமான ஒரு முடி. மீனின் செதில்கள் இருந்த இடம் குழிகுழியாக அரித்திருந்தது. தாடை மட்டும் பஸ் கம்பியைப் போல் வழவழவென்று கறுத்திருந்தது. தொட்டேன். பிசுக்கு. ஒரு தெருவின் விரல்கள் அத்தனையும் என் விரலில் ஒட்டிக்கொண்ட மாதிரி உடம்பு கூசியது. பற்கள் இல்லை. ஐந்துமே இல்லை.

"வாம்மா," என்றபடி அத்தை மேலே வந்தார். "உன் பல்லி பேரு வாங்கிடுச்சு. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி கிட்ட தான் சொன்னேன், தெருவே வந்துடுச்சு. நீ போன மறுநாளே ஆரம்பிச்சு மூணு நாளு அபிஷேகம். எலுமிச்சம்பழம் புழியறப்போ எப்டி பொங்குச்சு தெரியுமா!"

"யாரு அத்தை புழியச் சொன்னது?"

"நீதானே புழிஞ்சே?"

யோசித்தேன். புளிப்பு கல்லைத்தான் கரைக்கும், பல்லை அவ்வளவு சீக்கிரம் கரைக்காது. பிடிமானம் போய் உதிர்ந்திருக்கும். உதிர்ந்தது வழிந்ததோடு போயிருக்கும்.

"அபிஷேகத் தண்ணி எங்க கொட்டினீங்க?"

"கால் படாத எடத்துலதானே கொட்டணும்? இந்தத் தெருவுல அதுக்கு எங்க போறது? மொட்ட மாடில பக்கெட்டுல இருக்குது. உங்க மாமா பாலாத்துக்கு எடுத்துக்கினு போறேன், போறேன்னு சொல்லிக்கினே இருக்காரு."

ஒரு வாரமாக வெயிலில் இருந்த பக்கெட். மூடியைத் திறந்ததும் பின்னால் நகர்ந்துவிட்டேன். மேலே பச்சையும் ரோஸுமாகப் பூஞ்சை, கீழே தயிர்க்கட்டிகள், நடுவில் புழு. "மிதிக்கிற எடத்துல ஊத்திடாதே!" என்று அத்தை கத்தினார். இன்னொரு பக்கெட்டின் வாயில் மாமாவின் பழைய வேட்டியைக் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தேன். ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. இங்கே அரிசி அளவு பல்லைத் தடவித் தேட வெறுங்கை வேண்டியிருந்தது. விரல்களுக்கிடையில் கட்டி நசுங்கியது, புழு நெளிந்தது. இரண்டு முறை எழுந்து போய் வாந்தியெடுத்தேன். முதல் பல் கிடைக்க அரைமணி நேரம் ஆனது. அடுத்த இரண்டும் ஒரே கட்டிக்குள் இருந்தன. நான்காவது வேட்டியின் மடிப்பில்.

ஐந்தாவது இல்லை. வடித்ததையே மறுபடியும் வடித்தேன்.

"என்னாமா தேடறே?"

உள்ளங்கையைக் காட்டினேன். அத்தை கிட்டே வந்து பார்த்தார். முகம் மாறியது.

"மொத நாளு தீர்த்தம் நான்தான் குடிச்சேன். தொண்டையில என்னமோ தட்டுச்சு. அட்சதை அரிசின்னு முழுங்கிட்டேன்."

"ஒம்பது நாளாச்சே."

"ஆமா."

அருவருப்பு உச்சந்தலை வரை ஏறியது. அப்போதும் மனசு கணக்குத்தான் போட்டது: வயிற்றின் அமிலம் எலுமிச்சம்பழத்தைவிடக் கடுமை, மிஞ்சியிருந்தாலும் அதைத் தேட இனி இடமில்லை.

அத்தை நகரவில்லை. அவர் சிவ தீட்சை வாங்கியவர். முட்டை உடைத்த கரண்டி பட்ட பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டார்.

"அது கல்லுதானேமா?" என்றார். "பல்லு பல்லுன்றியே, அது கல்லுதானே?"

என் கை முழுக்க அந்தக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, "கல்லுதான் அத்தை," என்றேன்.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கீழே போனார். குளியலறையில் சொம்பு சொம்பாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் நான்கு பற்களையும் கழுவிக் குப்பியில் போட்டு, "ஐந்தில் நான்கு" என்று சீட்டு எழுதி ஒட்டினேன்.