ஸாஜிதாவின் விளையாட்டுகளும் என் சந்தேகமும்

ஸாஜிதா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய தங்கை ஸமீனா தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. காலை எட்டரை மணி. மீனவர் சங்க அலுவலகத்தின் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தேன். முந்திய நாள் மாலைவரை எனக்கு எதிர்க் கதிரையில் இருந்து படகுக்காரருக்கு ஐஸ் சீட்டு எழுதியவர் ஸாஜிதா.

"ஆரு கதைக்கிறது?" என்று கேட்டேன்.

"ஹாஜரா ராத்தா, நான்தான் ஸமீனா. சுபஹு தொழுதிட்டு இருக்கக்குள்ள நெஞ்சு வலி வந்திச்சு. ஆசுபத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிட்டு."

குரல் அவளுடையதுதான். ஆனாலும் பள்ளிவாசல்துறையில் அவர்களின் பக்கத்து வீட்டாருக்கு அழைத்து, உண்மைதானா என்று கேட்ட பிறகுதான் அழுதேன். நான் அப்படிப்பட்டவள். ஸாஜிதாவை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும் என்பதால் இதை மறைத்துப் பயனில்லை.

ஸாஜிதாவுக்கு விளையாட்டென்றால் உயிர். திரையில் விளையாடும் விளையாட்டுகளைச் சொல்கிறேன். "எனக்கு எத்தனையோ கேம் தெரியும். பிடிச்சது மட்டும் மூண்டுதான்" என்பார். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் இதைச் சொல்வது எனக்கு முதலில் வெட்கமாகவே இருந்தது.

அவருடைய முதல் விளையாட்டு கட்டைகள் மேலிருந்து விழ விழ அடுக்குவது. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தபோது அவருக்குப் பத்து வயது. ஓலைக் கொட்டிலில் இருந்த அந்தக் காலத்தில், சவூதியிலிருந்து வந்த மாமா ஒருவர் உள்ளங்கையளவு கருவி ஒன்றைக் கொடுத்தாராம். கொட்டில் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் முறை வைத்து விளையாடியிருக்கிறார்கள். "மழைக்கு எங்கட கூரை ரெண்டு தரம் விழுந்திச்சு ராத்தா. நான் அடுக்கினது மட்டும் விழல்ல" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது கார் ஓட்டப் போட்டி. புத்தளம் நகரத்தில் கம்பியூட்டர் படிக்கப் போன இடத்தில், வகுப்பு முடிந்த பிறகு அரை மணி நேரம் விளையாட விடுவார்களாம். ஆண்பிள்ளைகள் எல்லோரையும் தோற்கடித்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு நடப்பாராம். உண்மையான வாகனம் ஒன்றை அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை.

மூன்றாவதுதான் கப்பல் விளையாட்டு. அதை நான் அறிந்த விதம் வேறு.

நாங்கள் வேலை செய்த அலுவலகத்தில் வலைகள் அடுக்கிய களஞ்சிய அறை ஒன்று உண்டு. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஸாஜிதா அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் பதிவுப் புத்தகம் ஒன்றை எடுக்கப் போன நான், உள்ளே அவர் யாருடனோ மெதுவாகக் கதைப்பதைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வெளிக்கிடுவம். சாமான் முழுக்க ஏத்தியாகோணும். ரோந்துக் கப்பல் மேற்கால நிக்குது, வெளிச்சத்த அணைச்சிட்டு வாங்க. பயப்பட வேணாம், வழி நான் சொல்றன்."

எங்கள் கரையில் இப்படி ஒரு கதையைக் கேட்டால் யாருக்கும் கடத்தல் என்ற ஒரு நினைப்புத்தான் வரும். எந்தப் படகு எப்போது கடலுக்குப் போகிறது, யார் திரும்பவில்லை என்பதெல்லாம் தெரிந்த இடத்தில் இருந்தவர் அவர். அன்றிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். அவருக்கு அழைப்பு வந்தால் காதைக் கொடுத்தேன். சில நாள் சிங்களத்தில் கதைத்தார். ஓர் ஆணின் குரலும் கேட்டது. அந்த ஆளை "கப்டன்" என்று கூப்பிட்டார். கேட்டதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதிச் சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

நேரில் அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விசாரணை நடப்பதற்கு முன்பே கதை வெளியே போய்விட்டது. ஸமீனாவுக்கு வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசி முடிவாகியிருந்தது. கடத்தல்காரி வீட்டில் பெண் எடுப்பதா என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். இரண்டு சகோதரிகளும் தெருவில் இறங்காமல் இருந்த நாட்கள் அவை. நான் வழக்கம் போல வேலைக்குப் போய் வந்தேன்.

விசாரணையில் தலைவரும் நிருவாக சபையைச் சேர்ந்த இரண்டு முதிய மீனவர்களும் இருந்தார்கள். கூட்டக் குறிப்பெழுத நானும் இருந்தேன். ஸாஜிதா தொலைபேசியை மேசையில் வைத்து விளையாட்டைத் திறந்தார். கடல் வந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து பலர் சேர்ந்து கதைத்துக்கொண்டே ஓட்டும் பாய்மரக் கப்பல் வந்தது. ஏற்றிய சாமான் வாசனைச் சரக்கு. ரோந்துக் கப்பல் எந்த நாட்டுக் கொடியும் இல்லாத ஒரு கற்பனைக் கப்பல். கப்டன் சிலாபத்தில் வேலையிலிருந்து இளைப்பாறிய ஒரு பஸ் சாரதி என்றும், நேரில் கண்டதே இல்லை என்றும் ஸாஜிதா சொன்னார். முதியவர்களில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மகள், இந்தக் காத்துக்கு இவ்வளவு பாய் விரிச்சா கப்பல் கவுந்திரும்."

"அதத்தான் நானும் அவங்களுக்குச் சொல்றன் நானா. கேக்கிறாங்க இல்ல."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விசாரணை முடிந்தது. ஆனால் ஸாஜிதா சிரிக்கவில்லை. "ஆரு சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அது தேவையில்லை என்றார் தலைவர். தொலைபேசியை எடுக்கக் குனிந்தவர், மேசையில் கிடந்த தாள்களை ஒரு கணம் பார்த்துவிட்டு வெளியே போனார்.

தலைவர் நேரில் வண்ணாத்திவில்லுக்குப் போய் விளக்கிய பிறகு, பல மாதம் தள்ளி ஸமீனாவின் கலியாணம் நடந்தது. நான் பிரியாணி தின்றேன்.

அதன் பிறகு என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. நான்தான் என்று இவருக்குத் தெரியுமா? தெரியாதா? அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தால் ஏன் இன்று சீனி கூட என்று யோசித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது குறிஞ்சிப்பிட்டியில் என் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தார். அவர் போன பிறகும் அந்தப் பாத்திரத்தை வெகுநேரம் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "வாங்க ராத்தா, கப்பல்ல ஒரு ஆள் குறையுது" என்று கூப்பிட்டார். பழிவாங்கப் போகிறார் என்றே நினைத்தேன். மறுத்தால் குற்றம் வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில்தான் போய் உட்கார்ந்தேன்.

எனக்குப் பாய் இழுக்க வரவில்லை, பீரங்கி சுட வரவில்லை. பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்று தூரத்தில் வருவதைப் பார்த்துச் சொல்லும் வேலையைத் தந்தார். நான் மேகத்தைக் கண்டாலும் கத்தினேன். மற்றவர்கள் சலித்துக்கொண்டபோது ஸாஜிதா சொன்னார்: "சந்தேகம் வந்தா கத்துங்க ராத்தா. பிழையா இருந்தாப் பரவாயில்ல. ஆனா எங்களுக்குக் கேக்கிற மாதிரிக் கத்துங்க." அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்துவதற்காகச் சொன்னதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அப்படியே இரண்டு வருடம் அவருடன் கடலில் போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் பிடித்துவிட்டது.

ஜனாஸா அடக்கமான மூன்றாம் நாள், விளையாட்டில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை ஸமீனா என்னிடம் தந்தாள். கப்டனை அழைத்தேன். செய்தியைச் சொன்னேன். அவர் சிங்களம் கலந்த தமிழில், "நீங்கதானே உச்சியில நிக்கிற ஒபிஸ் ராத்தா?" என்றார்.

"ஓம்."

"ஸாஜிதா நங்கி உங்களப் பத்திச் சொல்லியிருக்கு. இனி சொன்னாப் பிழையில்லதானே? 'என்னக் காட்டிக் குடுத்த ஆள் ஒண்டு எங்கட ஒபிஸ்ல இருக்கு. அவவுக்கு இருக்கிற கண் இந்தக் கரையில ஒருத்தருக்கும் இல்ல. எங்கட கப்பலுக்கு எடுப்பம், உச்சியில நிக்கட்டும். ஆனா எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குச் சொல்லாதீங்க, வெக்கத்தில வராம விட்டுரும்' எண்டு சொன்னது."

அப்போதும் நான் நம்பவில்லை. நேரில் கண்டிராத ஆள், எதையும் கட்டிச் சொல்லலாம். ஸமீனாவிடம் போய்க் கேட்டேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அண்டைக்கே தெரியும் ராத்தா. தலைவர்ட மேசையில கிடந்த கடதாசி உங்கட கையெழுத்து. எதிர்க் கதிரையில இருந்து எத்தன வருசம் பாத்தது, தெரியாமப் போகுமா?"

"நீ?"

"எனக்குத்தான் மனசு ஆறக் கன நாள் போச்சு. எங்கட ராத்தா விடல்ல. 'கேக்கப் பயந்துதான் அப்பிடிச் செஞ்சிட்டா, விடு' எண்டுதான் சொல்லுவா."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மடித்த உடுப்புகளில் பாதியை என் பக்கம் தள்ளினாள். இருவருமாக மடித்து முடித்தோம்.

ஸாஜிதாவின் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு வருடங்களை. அவர் ஊற்றிய ஒவ்வொரு கோப்பைத் தேத்தண்ணியையும் இப்போது மறுபடி குடித்துப் பார்க்கிறேன். ஒன்றிலும் கசப்பு இல்லை. யாரையும் எதையும் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, ஒருத்தி என்னை மன்னித்திருக்கக் கூடும் என்ற சந்தேகம் மட்டும் ஒருநாளும் வரவில்லை.