விமானத்துக்கு நிற்காத மாமா

"இப்போ என்ன பாட்டு கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்து வாட்ஸப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். மற்றவர்கள் வரிசையாகத் தங்கள் பாட்டை அனுப்புவார்கள், கூடவே அது ஏன் பிடிக்கும் என்று நாலு வரியும். நான் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும். ஒரு பாட்டு எப்படி இருக்கிறது என்று விளக்கிச் சொல்லியே என் பத்து வயது பாழாய்ப் போன கதை அவர்களுக்குத் தெரியாது.

பாழாக்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது சேலையூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். முன்னறை மாமாவுடையது. கிண்டி தொழிற்பேட்டையில் டின் டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் கம்பெனியில் அவருக்கு பிரஸ் ஓட்டுகிற வேலை. காலை முதல் மாலை வரை அந்த இரும்பு மெஷின் தகரத்தின் மேல் தட்தட்டென்று இடிக்க, அவர் பக்கத்தில் நின்று தகடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சம்பாதித்த காசில் அவர் வாங்கிய ஒரே சொத்து, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடையில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். சம்பளம் வந்ததும் மாமாவின் முதல் நடை அங்கேதான்.

எங்கள் தெருவில் பாட்டுப் பைத்தியங்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தாங்களே கேட்டுக்கொண்டு தாங்களே கெட்டுப்போனார்கள். மாமா அப்படி இல்லை. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து, முகம் கழுவி, டீயைக் குடித்ததும் கூப்பிடுவார்.

"ஏ வாலு, இங்க வா."

போகாமல் இருக்க முடியாது. எதிரில் உட்கார வேண்டும். கேசட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, ஒரு உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார்.

"இப்ப இன்னா வந்துகினு கீது?"

"பொம்பள குரலு."

"அதுக்குப் பின்னாடி?"

"வயலின்."

"ஒண்ணா, கூட்டமா?"

"கூட்டமா."

"அழுவுதா, சிரிக்குதா?"

"வயலின் எங்க மாமா சிரிக்கும்?"

"ஒழுங்கா கேட்டுச் சொல்லு. சும்மா வாய்க்கு வந்தத சொல்லாத."

சன்னலுக்கு வெளியே தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஒளிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். என் தோழி சன்னல் கம்பியில் மூக்கை நுழைத்து "வரியா இல்லியா?" என்பாள். நான் உள்ளே உட்கார்ந்து, வயலின் அழுகிறதா சிரிக்கிறதா என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு பாட்டு முடிந்தால் விட மாட்டார். ரிவைண்ட் செய்து மறுபடி கேட்பார். சொன்னதையே சொன்னால் கோபம் வரும், புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். ஹோம்வொர்க்கில்கூட எனக்கு அத்தனை தொல்லை இருந்ததில்லை.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காய்கறி வாங்க மாமாவோடு மார்க்கெட்டுக்குப் போனபோது, அவரோடு தினமும் ரயிலில் போகும் நண்பர்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். "இன்னா மச்சான், புதுசா இன்னா கேக்கற?" என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், மாமா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டார்.

"நேத்து ஒண்ணு கேட்டேன் மச்சான். ரெண்டாவது சரணம் முடியறப்போ ஒரு புல்லாங்குழல் வரும் பாரு. மழ வுட்டப்புறம் சன்ஷேடுலருந்து சொட்டற மாதிரி ஒண்ணொண்ணா வுழும்."

நண்பர்கள் அசந்து போனார்கள். "உனுக்கு மட்டும் எப்டிறா இதெல்லாம் தோணுது?" என்றார் ஒருவர். மாமா அடக்கமாகச் சிரித்தார்.

சன்ஷேடு நான் சொன்னது! முந்தின சாயங்காலம், விளையாடப் போக வேண்டிய நேரத்தில், எங்கள் வீட்டு சன்ஷேடையே பார்த்துக்கொண்டு நான் சொன்னது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. திரும்பும் வழியில் சைக்கிள் பின்சீட்டில் இருந்து அவர் முதுகில் குத்தினேன், சண்டை போட்டேன். பின்னாலிருந்து போட்ட சண்டைக்கு அவரிடமிருந்து பதிலே வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கி எதிரே நின்று கத்தியதும்தான், "நீ சொன்னா இன்னா, நான் சொன்னா இன்னா, பாட்டு ஒண்ணுதானே?" என்றார். அதற்குப் பிறகும் விட்டாரா? மறுநாள் சாயங்காலம் அதே "ஏ வாலு, இங்க வா."

இப்போது எழுதும்போது இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த பிரஸ் ஷாப்பின் இடியில் மாமாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் புல்லாங்குழல் போயிற்று, பிறகு வயலின், பிறகு குரல்கள். எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பார். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், பெண்ணும் கிடைக்காது என்று தன் அக்காவான என் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உலகத்திலேயே பெரிய தொந்தரவு என் வீட்டு முன்னறையில் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விமானப் படைத் தளம் இருந்ததால், வார நாட்களில் காலையில் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அதனால் எங்கள் ஊரில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் விமானம் வந்தால் வாக்கியத்தை நடுவிலே நிறுத்துவார்கள். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். வாத்தியார் பாடத்தை நிறுத்துவார், சண்டை போடுகிறவர்கள்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்து, பிறகு திட்டுவார்கள். யாரும் சொல்லித்தந்த பழக்கம் இல்லை. மாமா மட்டும் நிறுத்த மாட்டார். விமானம் பாட்டுக்குப் போகும், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். எங்களுக்கு அவர் உதடு அசைவதுதான் தெரியும். "விமானத்துக்கே நிக்காத ஆளு" என்று தெருவில் அவருக்குப் பெயர்.

திமிர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தத் திமிரால்தான் குரோம்பேட்டையில் பார்த்த பெண் கைவிட்டுப் போனாள். பெண்ணின் அப்பா பக்கவாட்டில் உட்கார்ந்து என்ன சம்பளம் என்று கேட்க, மாமா சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். அதற்கு முன்னால் வந்த இடமும் அப்படித்தான். "இன்னொரு இடமும் இப்பிடி ஆச்சுன்னா உனக்குக் கல்யாணமே இல்லடா" என்று அம்மா அழுதாள்.

அப்போதுதான் பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். தரகர் மாமாவைப் பற்றி அங்கே என்ன சொல்லி வைத்திருந்தார் தெரியுமா? "மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசுரு. ஒரு பாட்டக் கேட்டார்னா பிச்சிப் பிச்சி வெப்பாரு." அவர்களும் மகிழ்ந்து போய், பெண்ணை ஒரு சாமிப் பாட்டுப் பாட வைக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமாவின் முகம் வெளிறியது. சந்தோஷத்தில் என்று அம்மா நினைத்தாள்.

பெண் பார்க்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அன்று மாமாவின் கம்பெனிக்கு வார விடுமுறை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனாலும் நானும் வந்தே தீர வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் பக்கத்துலயே குந்திக்கோ. பாட்டு ஆரம்பிச்சதும் என் தொடையில ஒரு தட்டு தட்டு. முடிஞ்சதும் ஒரு கிள்ளு கிள்ளு. யாருக்கும் தெரியக் கூடாது."

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கண்ண மூடிகினு ரசிப்பேன். ரோஸ் மில்க் வாங்கித் தரேன், சொன்னதச் செய்யி."

கண்ணைத்தானே மூடுகிறார், காதையுமா மூடுகிறார் என்ற கேள்வி வாய் வரை வந்தது. ரோஸ் மில்க்கை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஏரிக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டு வீடு. கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம், மாமாவும் நானும் ஒரு பக்கம். எதிரில் பெண்ணின் அப்பா, அம்மா, இன்னும் சில உறவுக்காரர்கள். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பிறகு பெண் வந்து நமஸ்காரம் சொல்லி, சுவரோரம் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு பாட ஆரம்பித்தாள். நான் தட்டினேன். மாமா கண்ணை மூடினார். தலை ஆடியது, வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. எல்லோருக்கும் திருப்தி. "நல்ல ரசிகரு" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது விமானம் வந்தது. ஓடு அதிர்ந்தது. அந்த வீட்டிலும் நம் ஊர் வழக்கம்தானே, பெண் பாட்டை நடுவில் நிறுத்தினாள். எல்லோரும் வாயை மூடிக் காத்திருந்தார்கள். மாமாவின் கை மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடியபடி, முகமெல்லாம் மலர்ந்து, இல்லாத பாட்டுக்குத் தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்வது? ஆரம்பித்தால் தட்டு, முடிந்தால் கிள்ளு. நடுவில் நின்றால் என்ன என்று மனுஷன் சொல்லித் தரவே இல்லை. கிள்ளினால், பாட்டு முடிந்தது என்று நினைத்து "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று எழுந்தாலும் எழுந்துவிடுவார். எனக்கு ரோஸ் மில்க் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா மாமாவின் கையைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பெண் தலையை நிமிர்த்தினாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். பிறகு விமானம் இன்னும் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும்போதே பாட ஆரம்பித்தாள். ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கண்ணை மாமாவின் கையிலிருந்து எடுக்காமல், அந்தக் கை விழும் இடத்தில் எல்லாம் சரியாக வாயைத் திறந்து மூடினாள். விமானம் தூரப் போகப் போக அவள் குரல் மெல்ல மேலே வந்தது. அப்போது பாட்டும் தாளமும் ஒன்றாக இருந்தன. பெண்ணின் அப்பாவின் நெற்றி நேரானது. பாட்டு முடிந்ததும் நான் வேண்டிய மட்டும் அழுத்திக் கிள்ளினேன்.

திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் ஏரிக்கரையில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா என்னை நிறுத்தி எதிரே குந்தினார்.

"எப்டிப் பாடுனா?"

"அதுக்குப் பாடவே தெரியல மாமா. ப்ளேன் போறப்போ போயி யாராச்சும் பாடுவாங்களா? ஒண்ணுமே கேக்கல. மொதல்ல நிறுத்திடிச்சு, அப்பறம் உங்க கையப் பாத்துட்டு சத்தத்துலயே பாடிச்சு."

"நிறுத்துனாளா?"

"ஆமா. நீங்க பாட்டுக்குத் தட்டிக்கினே இருந்தீங்க. எல்லாரும் உங்களையே பாத்தாங்க."

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என் கையப் பாத்தாளா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லா பாத்துச் சொல்லு, கையத்தான் பாத்தாளா?" என்றார் மறுபடி. பஸ் ஸ்டாப் வருவதற்குள் அதே கதையை எத்தனை தடவை சொல்ல வைத்தார் என்று கணக்கே இல்லை. ஒரு பாட்டைத்தான் ரிவைண்ட் செய்து உயிரை வாங்குவார் என்றால், பெண் பார்த்த கதையையும் அப்படியே செய்தார். கடைசித் தடவை சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் அலுத்துப் போய் ரோஸ் மில்க்கை நினைவுபடுத்தினேன்.

அந்த வீட்டிலிருந்து சரி என்று பதில் வந்தது. கல்யாணம் நடந்தது. அந்த டீச்சர் எனக்கு அத்தையாகி எங்கள் முன்னறைக்கு வந்தாள். வந்த சில நாட்களிலேயே, சாயங்காலம் மாமாவுக்கு எதிரில் இருந்த என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ போயி விளையாடு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றாள். வேண்டி வேண்டிக் கேட்ட விடுதலை. கிடைத்தபோது எனக்கு வந்தது ஆத்திரம்தான். சன்ஷேடு மாதிரி இவளால் சொல்ல முடியுமா?

ஒரு காலை, மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விமானம் வந்தது. அம்மா அடுப்படியில் பேச்சை நிறுத்தினாள், அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். முன்னறையில் அத்தை மாமாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, முகத்தை அவருக்கு நேராக வைத்து, வாயை நன்றாகத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்லாத்தானே இருந்தாள், சேர்க்கை சரியில்லாமல் இவளுக்கும் மரை கழன்றுவிட்டது, இனி இந்த வீட்டில் விமானத்துக்கு நிற்காதவர்கள் இரண்டு பேர் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, விமானம் போகட்டும், அம்மாவிடம் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.