பாலத்தின் நீளம்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையொன்றில் தமிழரசு ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிறார். பேரிங் பெட்டி வந்து இறங்கினால் மற்றவர்கள் லேபிளைப் படிப்பார்கள். அவர் பெட்டியைப் பிரித்து, வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டிலும் அதே கதைதான். மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரிடம், "போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாமுங்க நீங்க" என்பாள் மனைவி தேவிப்ரியா.

அவர் போக ஆசைப்பட்டதும் அரசாங்க வேலைக்குத்தான். பதினோரு வருடத்துக்கு முன் குரூப் 4 தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் அது கைநழுவியது. விடைக்குறிப்பு வந்த அன்று தான் படித்த கைடைப் புரட்டிப் பார்த்தார். ஏதோ ஒரு ஒப்பந்தம் கையெழுத்தான தேதியை அதில் தப்பாக அச்சடித்திருந்தார்கள். அவர் அந்தத் தப்பை அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை எழுதியும் அவ்வளவு அருகில்கூட வரவில்லை.

அதனால்தானோ என்னவோ, நவநீதகிருஷ்ணன் நடத்தும் பயிற்சி மையத்தில் சனி, ஞாயிறு நடப்பு நிகழ்வுகள் எடுக்க அவரைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாதாமாதம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புத்தகத்தைத் தானே தொகுப்பேன் என்றார். ஒரு செய்தி இரண்டு வெவ்வேறு இடத்தில் ஒத்துப்போனால்தான் அவர் நோட்டில் ஏறும். வாட்ஸ்அப்பில் வருவதை அவர் செய்தியாகவே சேர்ப்பதில்லை. "ரெண்டு எடத்துல பாத்தியா சாமி?" என்று யாரைக் கண்டாலும் கேட்பார். பிள்ளைகள் அவரை முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு எடம்' என்றே அழைத்தார்கள்.

அவர் கையால் எழுதிக் கொடுப்பதைக் கணினியில் ஏற்றியவள் மதுமதி. இளம்பிள்ளையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளும் தட்டச்சர் பணிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கணினியில் ஏற்றி அவருக்கு அனுப்புவாள். அவர் பார்த்துத் திருத்தி நவநீதகிருஷ்ணனுக்கு அனுப்புவார். அச்சகத்துக்குக் கொடுப்பது நவநீதகிருஷ்ணன் பொறுப்பு.

சித்திரை மாதம் சேலம் புதுப் பேருந்து நிலையக் கடையில் ஒரு புத்தகம் தொங்கிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். பேர் வேறு, அட்டை வேறு. உள்ளே இருந்ததெல்லாம் அவருடையது. 'நினைவில் கொள்க' என்று அவர் போடும் பெட்டிகூட அதே இடத்தில் இருந்தது. வெளியீடு என்ற இடத்தில் ஒரு கைப்பேசி எண் மட்டும். கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. மதுமதியின் அண்ணன் சேலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தான். அதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்றிலிருந்து அவள் செய்ததெல்லாம் அவர் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தால் எதற்காகக் கவிழ்க்கிறாள்? சீக்கிரம் முடித்துவிட்டால் யாருக்காக இந்த அவசரம்? ஒருநாள் அவள் பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசி இதழுக்கு ஒரு கண்ணி வைத்தார். வடகிழக்கில் புதிதாகத் திறந்த ஓர் ஆற்றுப்பாலத்தின் நீளம் 3.8 கிலோமீட்டர். மதுமதிக்குக் கொடுத்த தாளில் அதை 3.6 என்று எழுதினார். அவள் ஏற்றி அனுப்பியதும், தான் நவநீதகிருஷ்ணனுக்கு அனுப்பும்போது அதையே 4.1 என்று மாற்றினார். நவநீதகிருஷ்ணன்மேல் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சோதிப்பதென்றால் எல்லோரையும் ஒன்றுபோலச் சோதிக்க வேண்டும் என்ற முறைக்காகச் செய்தார், அவ்வளவுதான். கடைசிப் புரூப்பில் 3.8 என்று திருத்திவிட்டால் பிள்ளைகள் கையில் சரியானதுதான் போகும். "நான் சொல்லாம அச்சுக்குக் குடுத்துராதீங்கண்ணா" என்று போனிலும் சொன்னார்.

பேனாவை மூடிய பிறகும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் தெரிந்தே அவர் எழுதிய முதல் பொய் அது.

அடுத்த வாரம் பொறுமை போய்விட்டது. மதுமதி கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்றுகொண்டார்.

"அந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் குடு பாப்பா."

"ஏனுங்க சார்?"

"சும்மா. என்ன இருக்குதுன்னு பாக்கோணும்."

அவள் எடுத்து நீட்டினாள். அவர் கணினியில் செருகிப் பார்த்தார். தட்டச்சுப் பயிற்சித் தாள்கள், அவளுடைய சாதிச் சான்றிதழ், ஒரு குழந்தையின் பிறந்தநாள் படங்கள். அவர் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பதை அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் பிள்ளைங்க சார்," என்றாள். பிறகு பென் டிரைவை வாங்கிக்கொண்டு, "நாளையிலிருந்து வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒன்றும் கிடைக்காததால் அவருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. அழித்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தார்.

வைகாசித் தேருக்கு அச்சகத்தில் நாலு நாள் விடுமுறை வந்தது. அதற்கு முந்தின நாளே நவநீதகிருஷ்ணன் புத்தகத்தை அச்சடித்துக் கட்டுக் கட்டாக மையத்தில் இறக்கி, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார். தேர்க் கூட்டத்தில் கடை வேலையே சரியாக இருந்த தமிழரசுக்கு அது தெரியாது.

தேர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார். வாயால் கேள்வி, வாயாலேயே விடை. பாலத்தின் நீளம் கேட்டதும் நாற்பது பேரும் ஒரே குரலில், "நாலு புள்ளி ஒண்ணுங்க சார்!" என்றார்கள்.

"தப்பு," என்ற பிறகுதான் அது தானே மாற்றி எழுதிய எண் என்று அவருக்கு உறைத்தது.

இரண்டாம் வரிசையில் யுவஸ்ரீ எழுந்தாள். கெங்கவல்லிப் பக்கத்துப் பெண்; இங்கே விடுதியில் தங்கி, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்பவள். "நம்ம புத்தகத்துல அப்பிடித்தான் சார் இருக்கு."

"எங்க, கொண்டா."

கொண்டுவந்தாள். 4.1. அவர் பேர் போட்ட புத்தகத்தில்.

"நீங்க சொன்ன மாதிரி ரெண்டு எடத்துல பாத்தேன் சார்," என்று பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள். சேலத்தில் வாங்கிய அந்த வேறு அட்டைப் புத்தகம். "இதுலயும் நாலு புள்ளி ஒண்ணு. அப்ப சரின்னு மனப்பாடம் பண்ணிட்டேன்."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 3.6 எங்கும் இல்லை. 4.1 போனது ஒரே ஓர் ஆளுக்கு. நாற்பது பேர் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அந்த வார்த்தை வாய்வரை வந்ததை அவர் பின்னாளில் தேவிப்ரியாவிடம் ஒத்துக்கொண்டார்.

"மூணு புள்ளி எட்டு. எல்லாரும் அடிச்சுத் திருத்துங்க," என்றார். "அச்சுல வந்த தப்பில்ல. நானாத்தான் மாத்தி எழுதுனேன். ஒரு திருடனைப் புடிக்கறதுக்காக."

"அப்ப இதுல வேற எதெல்லாம் சார் மாத்தியிருக்கீங்க?" என்று பின்வரிசையிலிருந்து கோகுல்ராஜ் கேட்டான்.

"வேற எதுவும் இல்ல சாமி."

அவன் உட்காரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு தான் பார்க்கும் பார்வை அதுதான் என்று தமிழரசுக்குப் பட்டது.

வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டபோது நவநீதகிருஷ்ணன் மழுப்பவில்லை. "ஆமா தமிழு, சேலத்துல வேற பேர்ல நாந்தான் போடறேன். நம்ம பேர்ல போட்டா அங்கத்த மையக்காரங்க வாங்க மாட்டாங்க. நம்ம சரக்குத்தானே, இதுல என்ன திருட்டு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பசங்க முன்னாடி ஏன் அப்பிடிச் சொன்னீங்க? பாதிப் பேரு இனி வர மாட்டானுங்க" என்றார்.

பாதி இல்லை, பதினான்கு பேர் வராமல் நின்றுகொண்டார்கள். கோகுல்ராஜ் முதல் ஆள். தமிழரசும் அந்த மாதத்தோடு நின்றுகொண்டார்.

இளம்பிள்ளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனார். தெருவெல்லாம் தறிச் சத்தம். மதுமதி அங்கே ஒரு சேலைக் கடையின் ஆன்லைன் ஆர்டர்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தப்பு எம்மேலதான் பாப்பா. நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு," என்று, எண்ணை மாற்றி வைத்ததையும் நவநீதகிருஷ்ணன் அதில் மாட்டியதையும் சொன்னார்.

"தெரியலைன்னா சார்?" என்றாள் அவள். "அந்தாளு வேற நம்பரைப் போட்டிருந்தா, இல்ல போடாமயே விட்டிருந்தா, நான் இன்னிக்கும் உங்களுக்குத் திருடிதானுங்களே?"

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்ப வேலைக்கு வரச் சொல்ல அவரிடம் வேலையும் இல்லை. குடித்துவிட்டுக் கிளம்பி வந்தார்.

அப்புறம் அந்த எண் அவரைத் தூங்கவிடவில்லை. தங்கள் புத்தகம் வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து திருத்தம் சொன்னார். சேலத்துப் புத்தகம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆத்தூரிலோ எடப்பாடியிலோ யாரோ ஒரு பிள்ளை அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் யூடியூபில் முன்பின் தெரியாத ஒருவர் கரும்பலகை முன் நின்று, 'நாலு புள்ளி ஒன்று, குறித்துக்கொள்ளுங்கள்' என்றார். கீழே திருத்தம் எழுதினார் தமிழரசு. 'ஆதாரம் இருக்கா?' என்று பதில் வந்தது.

குரூப் 4 தேர்வு நாளன்று கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, திருச்செங்கோட்டுத் தேர்வு மையத்தின் வாசலில் போய் நின்றார். பன்னிரண்டரைக்குக் கூட்டம் வெளியே வந்ததும், முதலில் வந்த ஒருவனிடம் வினாத்தாளை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாலம் வரவில்லை. எந்தப் பாலமும் வரவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கால் வலித்தது, மதில் ஓரம் உட்கார்ந்தார்.

அவரைக் கண்டும் காணாததுபோல் மதுமதி கடந்து போனாள். பத்தடி போனவள் நின்று, திரும்பி வந்து, தன் வினாத்தாளில் ஒரு கேள்வியைச் சுட்டிக் காட்டினாள்.

"இதுக்கு பி-ன்னு போட்டேனுங்க. சரிங்களா?"

அவர் படித்தார். பி என்றுதான் அவருக்கும் தோன்றியது.

"பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

"சரிங்க," என்று தாளை மடித்துக்கொண்டு அவள் சங்ககிரி பஸ்ஸுக்கு நடந்தாள்.