பெல்ட் பதியாத தோள்

நான் அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர். நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு பொட்டலில் பழைய கார்களுக்கு இரும்புக் கூண்டு பொருத்திப் பந்தயம் விடுகிறார்கள் என்பதே, ஒரு பந்தயக்காரரின் உடல் என் மேசைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"பயிற்சியில தனியா ஓட்டியிருக்கான் மேடம். மண்மேட்டுல இடிச்சிட்டான். சரியான குடி" என்றார் இன்ஸ்பெக்டர். உடலில் இருந்த சட்டையில் பிராந்தி நாறியது.

வெளியே இறந்தவரின் மனைவி நின்றிருந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைப்பவள். வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். பக்கத்தில் அவருடைய கூட்டாளி, அதே காரை மாற்றி மாற்றி ஓட்டியவன், அழுதபடி அவளுக்கு டீ நீட்டினான்.

"அவரு குடிக்கவே மாட்டாரு மேடம்" என்றாள் என்னிடம்.

வயிற்றில் சாராயத்தின் வாடையே இல்லை. காயம் பின்மண்டையில். காரில் சீட் பெல்ட் போட்டபடிதான் கிடந்தாராம். உயிரோடு இருந்து மோதியிருந்தால் பெல்ட் அழுத்தித் தோளும் மார்பும் கன்றிப்போயிருக்க வேண்டும். தோலை விலக்கிப் பார்த்தேன். ரத்தம் கட்டவே இல்லை. மோதும்போது அவர் உயிரோடு இல்லை.

இன்ஸ்பெக்டரை அழைத்துக் காட்டினேன். தனியாக ஓட்டிப்போனான் என்று அவரிடம் சொன்னதே அந்தக் கூட்டாளிதானாம். வெளியே போய் அவன் தோளில் கை வைத்தார். அன்று மாலையே அவன் ஒப்புக்கொண்டான். அடுத்த பந்தயத்தில் யார் ஓட்டுவது என்று சண்டை. ஜாக்கிக் கம்பியால் அடித்திருக்கிறான். பிறகு உடலை சீட்டில் கட்டி, பிராந்தி ஊற்றி, காரைச் சரிவில் விட்டிருக்கிறான்.

காயம் தெரியாதபடி தலையில் வெள்ளைத்துணி சுற்றிவிட்டுத்தான் மனைவியை உள்ளே விட்டேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நகத்துல பாருங்க, கிரீஸு. எவ்ளோ தேய்ச்சாலும் போவாது, திட்டிக்கினே இருப்பேன்." பிறகு கேட்டாள்: "ரொம்ப வலிச்சிருக்குமா மேடம்?"

"இல்லம்மா. அடி பட்டதுமே நினைவு போயிருக்கும்."

அது உண்மைதான். அவள் எழுந்துகொள்ளும்வரை யாரையும் உள்ளே விடாமல் கதவருகே நின்றேன்.

போன மாதம் லாங் பஜார் நெரிசலில் யாரோ "மேடம்!" என்று கூப்பிட்டார்கள். அவள்தான். அவள் கையைப் பிடித்தபடி சின்ன மகள்.

"வணக்கம் சொல்லுடி" என்று மகளிடம் குனிந்தாள். "கடைசியா உங்கப்பாவ நல்லபடியா பார்த்துக்கினது இவங்கதான்."

என் வேலையைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்தேன்.