தண்டவாள இரும்பில் அடித்த அரிவாளும் எங்கள் அம்மாவும்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் எங்கள் லயத்து வரிசைவீட்டு மக்களுக்கும் வணக்கம். அம்மா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் கையிலும் இது போய்ச் சேரும். அவர்களும் படிக்கட்டும். இனி ஆடியில் எங்கள் காவல்சாமி மதுரைவீரனின் அரிவாளை யார் எடுப்பது என்று துக்கம் கேட்க வந்தவர்களே என்னிடம் கேட்டார்கள். அதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கையில் ஒரு குழந்தை இருந்தது. இறங்கியபோது இல்லை. கடலில் விட்டார்கள். அதைப் பற்றி அம்மா ஒரே ஒருமுறை பேச ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் அப்பாவுக்குத் தண்டவாள வேலை. அம்மா செங்கல் சூளையில் கல் சுமந்தார். இடுப்பில் நான், தலையில் கல். உச்சியில் முடி உதிர்ந்து கடைசிவரை முளைக்கவே இல்லை. முக்காடு போட்டு மறைக்கச் சொன்னால், "உழைச்ச தலை. பாக்கட்டுமே" என்பார்.

லயத்தின் கோடியில், தண்டவாளத்தை ஒட்டிய மரத்தடியில் அப்பா மதுரைவீரனை நிறுத்தினார். ஆற்றோரம் கிடைத்த ஒரு கல்லும் அதன் பக்கத்தில் ஓர் அரிவாளும்தான். அந்த அரிவாள் ஊரிலிருந்து வந்ததல்ல. கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டைப் பட்டறைக் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்தது. எங்கள் வழக்கத்தில் கல் வெறும் அடையாளம். வீரன் இறங்கி நிற்பது அரிவாளில். ஆடியில் ஒரு நாள் மட்டும் அதைப் பிடுங்கி, மஞ்சள் நீரில் கழுவி, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, அதே குழியில் நடுவார்கள். பிறகு சேவலும் சுருட்டும் கள்ளும் படைப்பார்கள். ஊரைக் காத்தவனையே மாறுகால் மாறுகை வாங்கினார்கள். வாங்கிய பிறகு கும்பிட்டார்கள். அந்தக் கதை எங்களுக்கு நன்றாகவே புரியும்.

அப்பா காய்ச்சலில் போனதும், புதுக்கோயில் கட்டிய கிராணிமார் லயத்துக்கு வந்தார்கள். ஆபீசில் பேனா பிடிப்பவர்கள். பெரிய கிராணி அம்மாவிடம் இதமாகத்தான் பேசினார்.

"ஏம்மா, உங்க சாமி மழையில நனையுது. நாங்க உள்ள நல்ல எடம் குடுக்குறோம்."

"அவன் காவக்காரன்யா. காவக்காரன் நனையத்தான் செய்வான். உள்ள போயிப் படுத்துக்கிட்டா அவன் மாப்பிள்ளை."

கிராணி சிரிக்கவில்லை. சுருட்டு, சேவல் கூடாது, பெண்பிள்ளை பூசை செய்யக்கூடாது, லயத்து ஆட்கள் மதிலுக்கு வெளியே நின்று கும்பிடலாம் என்று அடுக்கினார். அம்மா முடியாது என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் வேலையில் இருந்தபோது மாட்டுவண்டி கொண்டுவந்து கல்லைத் தூக்கிப் போய்விட்டார்கள். சூளையிலிருந்து திரும்பிய அம்மாவும் நானும் வெறும் குழிகளைத்தான் பார்த்தோம். அரிவாளை ஏதோ பழைய இரும்பு என்று நினைத்துப் பிடுங்கிப் புல்லில் எறிந்திருந்தார்கள். அத்தனை படிப்புப் படித்தவர்களுக்கு எது சாமி என்று தெரியவில்லை.

ஆம்பிளைகள் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா தடுத்தார். "கல்லுதானே போச்சு. வீரன் இங்கதான் கிடக்கான்." குடத்துத் தண்ணீரில் மஞ்சளைக் கரைக்கச் சொல்லி அரிவாளைக் கையில் எடுத்தார். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் குறுக்கே வந்தார்.

"அண்ணி, பொம்பளை கை படலாமா?"

"வீரனத் தூக்கிட்டுப் போனப்ப ஆம்பளை கை எங்க இருந்துச்சு?"

அவர் விலகி வழிவிட்டார். அம்மா கழுவி, பழைய குழியிலேயே நட்டார்.

அந்த ஆடியில் கிராணிமார் கல்லுக்குப் பட்டுக் கட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். லயத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. உறுமி அடிப்பவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "அரிவா இருக்குற எடத்துலதான் என் உறுமி பேசும்" என்று சொல்லிவிட்டு எங்கள் மரத்தடிக்கு வந்துவிட்டார். மறுவாரம் பெரிய கிராணியே குடையோடு வந்து நின்றார்.

"அந்த அரிவாளைக் குடுத்துடும்மா. கல்லோட சேத்து வச்சுடுறோம்."

"தாராளமா. நாங்களே மேளத்தோட கொண்டாறோம். உள்ள வந்து எங்க கையால நட்டுட்டுப் போறோம்."

அவர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். "நீங்க வெளிய நின்னுக்கலாமே."

"வீரன் உள்ள, நாங்க வெளிய. அப்ப அவனுக்கு நாங்க காவலா?"

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் போய்விட்டார். கல் இன்றுவரை திரும்பவில்லை. அதன்பிறகு ஒவ்வோர் ஆடியும் அம்மாதான் அரிவாளை எடுத்தார். கிள்ளானிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் ஜெஞ்சாரோம் தோட்டங்களிலிருந்தும் ஜனம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சூளைக் கூலி, இவ்வளவு பேருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றார். அவர் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு தகுதி வேண்டாம்.

கடைசி ஆடியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிவந்தார்கள். பெண் கை படலாமா என்று கேட்டவர் அந்த நால்வரில் முன்னால் நின்றவர். அம்மா என் கையை இழுத்து அரிவாளின் பிடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டார். "இழு" என்றார். பங்குனியில் போய்விட்டார்.

தினமும் இளநீர் வெட்டிக் கொண்டுவந்த பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், இருக்கும் அம்மாவுக்கும், கூலியைத் தொடாமல் சுடுகாடுவரை உறுமி அடித்தவருக்கும், பாடை சுமந்த அந்த நால்வருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வராதவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியாது.

போன ஆடி துக்க ஆண்டு என்பதால் யாரும் அரிவாளைத் தொடவில்லை. துரு ஏறியிருக்கிறது. பதினாறாம் நாளே கிராணிமார் இருவர் வந்து, பெண்ணால் எப்படிக் காக்க முடியும், எங்களிடம் கொடு என்றார்கள். லயத்திலும் சிலர், அம்மாவோடு அது முடிந்தது, இனி ஓர் ஆம்பிளை எடுக்கட்டும் என்கிறார்கள்.

வருகிற ஆடியில் நான் எடுக்கிறேன். மஞ்சள் கரைத்து வைத்திருப்பேன். செருப்பைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு எல்லோரும் வாருங்கள். கிராணிமாரும் வரலாம். எங்களுக்கு மதில் கிடையாது.