மூன்று புல்லுருண்டைகளைச் சுட்ட கதை

நோர்வேக்கு வந்த புதிதில் என்னை விசாரித்த அதிகாரி, துவக்குப் பிடித்துச் சுட்டிருக்கிறாயா என்று நாலைந்து விதமாகக் கேட்டார். இல்லை என்று நானும் நாலைந்து விதமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு இந்த நாட்டில் தங்க விட்டார்கள், ஆனால் நம்பித்தான் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. அது எனக்குத் தீராத மனக்குறை. வெடிச்சத்தம் கேட்டால் குப்புறப் படுக்கிற ஆள் நான். யுத்தத்தில் நான் எடுத்த பயிற்சி அது ஒன்றுதான்.

ஒஸ்லோவில் நான் வேலை செய்த பேக்கரியிலும் இதே கதைதான். சண்டை நடக்கிற நாட்டிலிருந்து வந்தவன் என்ற ஒரே தகுதியில் என்னைப் படைவீரனாக்கி வைத்திருந்தார்கள். மறுக்க மறுக்க மரியாதை கூடியது. அடக்கமான மனிதர் என்றார்கள். பாண் வெட்டுகிற இயந்திரம் சிக்கிக்கொண்டால்கூட, இதைவிட எவ்வளவோ பார்த்தவன்தானே நீ என்று தோளில் தட்டுவார்கள். எரிச்சலாக வரும்.

ஓர் இலையுதிர் காலத்தில் பேக்கரி எங்களை திராமன் நகருக்கு அப்பால் ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனது. அறுவடை முடிந்த வயலில் ஓர் இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். நாங்கள் இரட்டைக்குழல் துவக்கால் அவற்றைச் சுட்டு உடைக்க வேண்டும். பொழுதுபோக்காம். எதற்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தேனோ, அதைச் செய்தால் இங்கே கோப்பியும் கேக்கும் தருகிறார்கள்.

எங்களுக்குச் சுடப் பழக்க வந்திருந்த துவக்குக் கழகத்தின் பயிற்சியாளர் முதலில் காப்புறுதியைப் பற்றி விளக்கினார். யாராவது தவறுதலாகப் பண்ணைக்காரரின் மாட்டையோ வேலியையோ, ஏன், பண்ணைக்காரரையோ சுட்டுவிட்டால் கழகத்தின் பொறுப்புக் காப்புறுதி நட்டஈடு கொடுக்கும். ஆனால் புதியவர் சுடும்போது பயிற்சியாளர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். என் முறை வந்தபோது அவரும் வந்து நின்றார். இவருக்கா நீ சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று பேக்கரி முழுவதும் சிரித்தது. அவர் வெட்கப்பட்டு, என்னிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு, கோப்பி குடிக்கப் போய்விட்டார். போகாதே என்று நான் கூப்பிட்டேன். அதையும் அடக்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் சுட்டார். சத்தம் கேட்டதும் என் உடம்பு என்னைக் கேளாமல் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. குப்புற விழுந்தேன். விரல் எங்கே பட்டதோ, கையிலிருந்த துவக்கும் வெடித்துச் சிறு குண்டுகளைச் சிதறியது. தலையைத் தூக்கிப் பார்த்தால், வயலோரம் வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றி வரிசையாக வைத்திருந்த பெரிய புல்லுருண்டைகளில் மூன்று சல்லடையாகியிருந்தன. உள்ளே காற்றுப் போனால் புல் பூஞ்சணம் பிடித்துவிடும். அது மாடுகளின் குளிர்காலச் சாப்பாடு. பண்ணைக்காரர் ஓடிவந்து ஒவ்வோர் ஓட்டையாகத் தடவிப் பார்த்தார். பேக்கரி ஆட்களோ நான் விழுந்த வேகத்தை வியந்துகொண்டு நின்றார்கள். பழகிய உடம்பு என்றார்கள்.

திங்கட்கிழமை பேக்கரி மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கவில்லை என்று தெரிந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது என்று கழகத்துக்காரருக்குப் பயம். அதனால் விபத்துப் படிவத்தில் நான் சுடுவதில் அனுபவமுள்ளவன் என்று எழுதிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதும், பண்ணைக்காரருக்கு நட்டஈடு கிடைக்கும், பயிற்சியாளரும் தப்பிவிடுவார். நான் அப்போதுதான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். துவக்கைத் தொட்டதே இல்லை என்று அரசாங்கத்திடம் சொன்னவன், அனுபவமுள்ளவன் என்று கையெழுத்து வைத்தால் என்ன ஆகும்? யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பி வந்தேன்.

வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, கல்லெறிஞ்சு ஒரு மாங்காய் விழுத்தத் தெரியாத ஆள் நீங்கள். உள்ளதைச் சொல்லுங்கோ," என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சொன்னாலும் நம்பமாட்டாங்கள், என்ன?"

நான் கையெழுத்துப் போடாததால் காப்புறுதி நிறுவனம் ஓர் ஆளையே பண்ணைக்கு அனுப்பியது. கழுத்துப்பட்டியும் றப்பர் சப்பாத்துமாக வந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தோட்டா இல்லாத துவக்கை என்னிடம் தந்து, அன்று நின்றதுபோல் நில் என்றார். நான் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றேன். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சரி, இனிச் சுடுவதுபோல் பிடி என்றார். கொஞ்சம் யோசித்து, துவக்கின் அடியைக் கக்கத்துக்குள் செருகினேன். மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதே இல்லை," என்றார் காப்புறுதிக்காரர். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்லை," என்றேன். கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வசனத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். கடைசியில் அதை மாட்டுத்தீனி பார்க்க வந்தவர் சொல்லுகிறார்.

பயிற்சியாளர் தானாகவே முன்னுக்கு வந்து, தான் பக்கத்தில் நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். யாராவது பிழை விடுவார்கள் என்றுதானே காப்புறுதியே இருக்கிறது என்றார் வந்தவர். விதியை மீறியதைப் பற்றிக் கழகத்தோடு தனியாகக் கதைப்பதாகச் சொல்லிவிட்டு, மூன்று உருண்டைகளுக்கும் பண்ணைக்காரருக்கு நட்டஈடு எழுதினார்.

பேக்கரியில் என் மரியாதை அன்றோடு போயிற்று. பாண் இயந்திரம் சிக்கினால் இப்போது யாரும் என் தோளில் தட்டுவதில்லை. நானோ காப்புறுதிக்காரரின் அறிக்கையில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, குடியுரிமை விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, புல்லுருண்டைக்கும் குடியுரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன்.

இவர் இதற்கு முன் துவக்குப் பிடித்தவர் அல்லர், இனியும் இவரிடம் கொடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. அவள் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முத்திரை குத்தி என்னுடைய கோப்புக்குள் வைத்தாள்.