தள்ளி இருந்தவர்

தங்கத்துரை ரொறன்ரோவில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பராமரிக்கிற கேர்ரேக்கர். அதே நகரில் வெக்ஸ்போர்ட் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கரண்ட் போனால்கூட விசிலடித்துக்கொண்டு தனியே இறங்கிப் போகிறவர். அப்படிப்பட்ட மனிதருக்குப் பெர்லினில் ஒரு ரயிலில் ஏறப் பயம் என்றால் யார் நம்புவார்கள்?

அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் நிரோஷினி ஒழுங்குபண்ணிய மூன்று நாள் பயணம் அது. "வேறை ஊர் கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். ஏன் என்று சொல்லவில்லை. முதல்நாள் முழுக்க நடை. அவள் பாலத்தையும் மிச்சமிருக்கிற மதிலையும் படமெடுத்தாள். இவர் பொலிஸ்காரர் யாராவது கண்ணில் பட்டால், சட்டைக்குள் கனடா பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

இரண்டாம் நாள் ரயில் ஏறினார்கள். மகள் கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இவர் நாலு வரிசை தள்ளிப்போய் இருந்தார்.

"அப்பா, வை ஆர் யூ ஓவர் தெயர்? இஞ்சை வாங்கோ."

"இதிலை நல்ல காத்து."

காற்றாவது மண்ணாங்கட்டியாவது. எண்பத்தைந்தாம் ஆண்டு கிழக்கு பெர்லினில் விமானத்தில் வந்திறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் களவாகப் போனபோது, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் படிப்பித்த பாடம் அது. சேர்ந்து இருக்கக்கூடாது. ஒருவன் பிடிபட்டால் மற்றவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. கூட வந்த கஸ்பர் பிடிபட்டான். "அண்ணை" என்று ஒருதரம் கூப்பிட்டான். இருபது வயதுத் தங்கத்துரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பரை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார். அதற்குமேல் விசாரிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

இரண்டு ஸ்டேசன் கழிந்தது. சாதாரண ஜக்கெட் போட்ட இருவர் எழும்பி, அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார்கள். நிரோஷினி கொடுத்தாள். ஏறுமுன் மேடையிலுள்ள மெசினில் அதற்கு முத்திரை குத்தவேண்டுமாம். அப்பனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அவள் ஏதோ விளங்கப்படுத்தினாள். அவர்கள் தலையாட்டவில்லை. ரயில் நின்றதும் அவளை இறங்கச் சொன்னார்கள்.

"அப்பா!"

கேட்டது. தங்கத்துரைக்கு நன்றாகவே கேட்டது. கழுத்து திரும்ப மறுத்தது. எதிர் ஜன்னலில் யாரோ ஒட்டிவிட்டுப் போன விளம்பரத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். கதவு மூடியது. ரயில் புறப்பட்டது.

அதற்குப் பிறகுதான் மனுசனுக்கு உயிர் வந்தது. ஐயோ, நான் பெற்ற பிள்ளையல்லவா! எழும்பிக் கதவில் அடித்தார். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். அடுத்த ஸ்டேசனில் விழுந்தடித்து இறங்கி, மற்றப் பக்கத்துக்கு ஓடி, வந்த ரயிலில் ஏறினார். முத்திரை குத்தாத டிக்கெட் கைக்குள் கசங்கியது. அங்கே அவள் இல்லாவிட்டால் யாரிடம் போய் என்னவென்று கேட்பது? கூட வந்தவர் நீர்தானே, நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டால்?

அவள் இருந்தாள். மேடை வாங்குப் பலகையில், தண்டப்பணம் எழுதிய துண்டை மடியில் வைத்துக்கொண்டு, போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் சிரித்தாள்.

"ஓ மை கோட், அப்பா! நல்ல நித்திரை என்ன? நான் கூப்பிட்டது கேக்கேல்லைத்தானே?"

ஓம் என்றால் போதும். அவளே வழி திறந்து விட்டிருந்தாள். இரவு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து அம்மாவுக்குச் சொல்லிச் சிரிப்பாள், அதோடு முடிந்துவிடும். தங்கத்துரை அவள் பக்கத்தில், தோள் முட்ட, இருந்தார்.

"நித்திரை இல்லைப் பிள்ளை. கேட்டது. உன்னைத் தெரியாத ஆள் மாதிரி இருந்தனான்."